சட்டத்திற்கு வெளியே ஒரு தலைவர்

அரசியல் சட்டம் என்பது ஒரு நாட்டு மக்கள் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் உறுதிமொழி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நம் நாட்டைப் பொறுத்தவரை அது மெய். 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நமது சட்டம், படித்தவர் படியாதவர், நிலமுடையார் நிலமற்றார், ஆண் பெண் என்ற வேறுபாடு பாராமல் வயது வந்தோர் அனைவர்க்கும் ஒரே வீச்சில் வாக்குரிமை வழங்கியது. ஆனால் நாட்டில் வாழ்வோரில் பெரும்பாலோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த சிலர் மட்டும் கூடி எழுதிக்கொண்ட அரசியல் சட்டங்களும் உலகில் இருந்தன. தென் ஆப்பிரிக்காவின் பழைய சட்டம் அவற்றுள் தலையாயது. அந்த வாசலுக்கு வெளியே வளர்ந்து, வெளியே நின்றே போராடி, வெளியிலேயே மாண்டுபோன ஒரு பெரியவரின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறேன். அவர் பெயர் ஆல்பர்ட் ஜான் லுத்துலி.

நான் இயற்பியல் மாணவன். வரலாறும் சட்டமும் என் பாடங்கள் அல்ல. ஆயினும் ஆய்வுக்கூடம் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. முடிவு கோணலாக வந்தால், நடுவில் நின்று குழம்பாமல், தொடக்க நிலையைப் போய்ப் பார்க்க வேண்டும். லுத்துலியின் வாழ்க்கையைப் படிக்கும்போதும் அவ்வாறே செய்தேன். அவருடைய கதையும் அந்நாட்டுச் சட்டத்தின் கதையும் இரண்டு தண்டவாளங்கள்போல் இணையாகவே ஓடுகின்றன. ஒன்றைச் சொல்லாமல் மற்றொன்றைச் சொல்ல முடியாது.

கரும்புக்காட்டுப் பிள்ளை

லுத்துலி பிறந்த ஆண்டு திட்டமாகப் பதிவாகவில்லை. 1898-ஐ ஒட்டி என்று கொள்வர். பிறந்த இடம் இன்று சிம்பாப்வே என வழங்கும் நாட்டில், புலவாயோ நகரின் அருகே. தந்தையார் ஜான் அங்கே ஒரு கிறிஸ்தவ மிஷனில் பணி செய்துவந்தார். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் உம்டோன்யா, சில ஆண்டுகளுக்குப் பின் மகனைத் தங்கள் சொந்த ஊருக்கு அனுப்பித் தாமும் வந்து சேர்ந்தார்.

அந்த ஊர் குரூட்வில். நேட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே, உம்வோட்டி ஆற்றின் கரையில் இருக்கிறது. சுற்றிலும் கரும்புக் காடு. தமிழராகிய நமக்கு அந்தக் கரும்பு அந்நியமானதன்று. 1860 நவம்பர் 16 அன்று டுரூரோ என்னும் கப்பல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த நேட்டால் கரும்புக்காகத்தான் நம்மவர் கடல் கடந்தனர். அந்தக் கரும்பின் நடுவேதான் இந்தப் பிள்ளையும் வளர்ந்தான்.

தாய் வயலில் பாடுபட்டும், வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்தும் மகனைப் படிக்கவைத்தாள். பெரிய தகப்பனார் மார்ட்டின் லுத்துலி அவ்வூரின் தலைவராக இருந்தார். அவர் வீட்டிலேயே சிறுவன் வளர்ந்தான். குலமரபின் ஒழுங்கும், மாதாகோயிலின் ஒழுங்கும், ஊர்ப் பஞ்சாயத்தின் நியாயமும் ஒரே திண்ணையில் அவனுக்குப் பாடமாயின. பின்பு ஓலாங்கே என்னும் பள்ளியில் சிறிது காலம் படித்தான். அதனை நிறுவியவர் ஜான் டூபே என்ற ஆப்பிரிக்கப் பெருந்தலைவர். காந்தியடிகள் 1904-இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பூட்டும் சாவியும்

லுத்துலிக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது, அவருடைய தலையெழுத்து லண்டன் மாநகரில் எழுதப்பட்டது.

போயர் யுத்தம் 1902-இல் முடிந்தது. அதுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் போயர்களும் சமாதானமாயினர். கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு நதி ஆகிய நான்கு நாடுகளையும் ஒன்றாக இணைக்க வெள்ளையர் பிரதிநிதிகள் மட்டும் கூடி ஒரு சட்டம் வரைந்தனர். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அதனைத் தென் ஆப்பிரிக்கச் சட்டம் என்ற பெயரால் 1909-இல் நிறைவேற்றியது. 1910 மே 31 அன்று தென் ஆப்பிரிக்க யூனியன் தோன்றியது.

அந்தச் சட்டம் பார்லிமெண்டில் உட்காருவோர் ஐரோப்பிய வம்சத்தினராகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. வாக்குரிமையை மட்டும் அந்தந்த மாகாணத்தில் முன்பிருந்த வழக்கப்படியே விட்டுவைத்தது. டிரான்ஸ்வாலிலும் ஆரஞ்சு நதியிலும் வெள்ளை ஆண்களுக்கே வாக்கு. நேட்டாலில் ஏட்டளவில் வழி உண்டு. நடைமுறையில் கறுப்பர் நுழைய முடியாது. கேப் மாகாணத்தில்தான் சொத்தும் கல்வியும் உடைய கறுப்பரும் கலப்பினத்தவரும் வாக்களித்து வந்தனர். அந்த ஒரு சிறு உரிமையைக் காக்க ஒரு பூட்டும் போட்டார்கள். இரண்டு சபைகளும் ஒன்றாகக் கூடி, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தாலன்றி அதை நீக்கக்கூடாது என்பதே அந்தப் பூட்டு. ஆனால் சாவி யாரிடம் இருந்தது? பூட்டுக்குள் கிடந்தவருக்கு நுழைய இடமில்லாத அதே சபையிடம்!

இதை எதிர்த்து அன்றே குரல் எழுந்தது. கேப் நாட்டின் முன்னாள் பிரதம மந்திரி டபிள்யூ. பி. ஷ்ரைனர் என்ற வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர் பிரதிநிதிகளுடன் 1909-இல் லண்டன் சென்று முறையிட்டார். அதே கோடையில் டிரான்ஸ்வால் இந்தியரின் குறைகளைச் சொல்லக் காந்தியடிகளும் லண்டனில்தான் இருந்தார். இரு தூதுகளும் வெறுங்கையுடன் திரும்பின. திரும்பும் கப்பலில்தான் அடிகள் இந்திய சுயராஜ்யம் என்னும் நூலை எழுதினார். ஒரே ஊரில், ஒரே காலத்தில் நீதி கேட்டு நின்ற இரு கூட்டத்தாரும் ஒன்றாக நிற்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இந்தியர் போராட்டம் தனியே நடந்தது. ஆப்பிரிக்கர் போராட்டம் தனியே நடந்தது. தில்லையாடி வள்ளியம்மை 1914-இல் உயிர் நீத்ததும் அந்தத் தனிப் போராட்டத்தில்தான். இரண்டு நீரோடைகளும் ஒன்றாகக் கலக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. கலக்கச் செய்தோருள் ஒருவர் லுத்துலி.

ஆசிரியரும் ஊர்த்தலைவரும்

யூனியன் தோன்றிய மூன்றாம் ஆண்டில், 1913-இல், நிலச் சட்டம் வந்தது. மக்கள்தொகையில் பெரும்பான்மையரான ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய நிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு. மற்ற இடத்தில் அவர்கள் நிலம் வாங்கக்கூடாது. வாக்கில்லாதவனிடம் நிலத்தையும் பறிப்பது எத்தனை எளிது என்பதற்கு அதுவே சான்று.

அந்த ஆண்டுகளில் லுத்துலி அரசியலில் தலையிடவில்லை. அவர் ஆசிரியர். ஆடம்ஸ் கல்லூரியில் பயிற்சி பெற்று, அங்கேயே சுமார் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழகப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தும் அதை ஏற்கவில்லை. உழைத்துத் தேய்ந்த தாயைத் தாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே அவர் கணக்கு. வெளியூரில் தங்கிப் படிக்கும் நம்மில் பலர், மாதம் பிறந்ததும் வீட்டுக்கு என்ன அனுப்புவது என்று எண்ணிப் பார்ப்பவர்கள். லுத்துலி கைவிட்ட படிப்பின் அருமை நமக்குப் புரியும். 1927-இல் நொகுகான்யா என்ற ஆசிரியையை மணந்தார். ஏழு மக்கள் பிறந்தனர். பிற்காலத்தில் கணவர் பொதுவாழ்வில் மூழ்கியபோது, மண்வெட்டி எடுத்து வயலில் இறங்கிக் குடும்பத்தைக் காத்தவர் இந்த அம்மையாரே.

குரூட்வில் மக்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கம் உடையவர்கள். ஊருக்கு வந்து தலைமை ஏற்கவேண்டும் என்று பெரியவர்கள் லுத்துலியை வேண்டிக்கொண்டே இருந்தனர். ஆசிரியர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தலைவருக்குக் கிடைப்பது சொற்பம். இரண்டாண்டு தயங்கிய பின் இசைந்தார். 1936 தொடக்கத்தில் பொறுப்பேற்றார். சுமார் ஐயாயிரம் பேரின் வழக்குகளைக் கேட்டார். வாய்க்கால் தகராறு, எல்லைத் தகராறு தீர்த்தார். சிறு கரும்பு விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தார். தானும் கரும்பு பயிரிட்டார்.

அவர் தலைமையேற்ற அதே 1936-இல், கேப் மாகாணத்தில் அந்தப் பழைய பூட்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அதைத் தொடாமலேயே பாதி வேலையை முடித்திருந்தனர். 1930-இல் பெண்களுக்கு வாக்குரிமை என்றார்கள்; ஆனால் வெள்ளைப் பெண்களுக்கு மட்டும். அடுத்த ஆண்டு வெள்ளையருக்கு மட்டும் சொத்துத் தகுதியை நீக்கினார்கள். உப்பு நீரில் நல்ல நீரைக் கொட்டிக்கொண்டே போனால் உப்பின் கரிப்பு குறைவதுபோல, கறுப்பர் வாக்கின் வலு குறைந்தது. பிறகு இரு சபைகளும் கூடி, 169 பேர் ஆதரவாகவும் 11 பேர் எதிராகவும் வாக்களித்து, கேப் ஆப்பிரிக்கரைப் பொதுப் பட்டியலிலிருந்தே பிரித்தெடுத்தனர். அதற்கு ஈடாகக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, தனிப் பட்டியலில் மூன்று வெள்ளையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மற்றொன்று, சுதேசிகள் பிரதிநிதித்துவ சபை என்ற ஆலோசனை மன்றம். ஆலோசனை சொல்லலாம், கேட்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

தாம்பரத்தில் லுத்துலி

நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. லுத்துலி தமிழகம் வந்திருக்கிறார். 1938 டிசம்பரில், சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷன் மாநாடு ஒன்று கூடியது. தென் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ சபைகளின் பிரதிநிதிகளுள் ஒருவராக அதற்கு வந்தவர் லுத்துலி. அவர் கடல் கடந்து சென்ற முதல் பயணம் அதுதான்.

தாம்பரத்துக்கு அடுத்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் காட்டு மரங்களின் நிழலில் எத்தனையோ மாலைகள் நடந்திருக்கிறேன். பிறகு படிப்புக்காக இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நூலகத்தில் லுத்துலியைப் பற்றிப் படிக்கும்போது தாம்பரம் என்ற சொல் கண்ணில் பட்டது. அதன்பின் அவரை வெறும் அயல்நாட்டுப் பெரியவராக என்னால் எண்ண முடியவில்லை. எங்கள் ஊருக்கு வந்துபோன ஒரு விருந்தினராகவே எண்ணுகிறேன்.

அவர் வந்த காலத்தையும் கவனியுங்கள். 1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை நடந்துகொண்டிருந்தது. அன்றைய வாக்குரிமை குறுகியதுதான். கடிவாளம் கவர்னர் கையில்தான். ஆயினும் நம்மவர் தேர்ந்தெடுத்த நம்மவரே மந்திரிகளாக அமர்ந்திருந்தனர். அவர் நாட்டிலோ, இருந்த சிறு வாக்கும் பறிபோய் இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. ஒரே பேரரசின் கொடியின்கீழ் ஒரு நாட்டில் கதவு மெல்லத் திறந்தது. மற்றொன்றில் மெல்லச் சாத்தப்பட்டது.

தலைமையா, காங்கிரஸா?

1946-இல் லுத்துலி அந்த ஆலோசனை மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறந்துபோன ஜான் டூபேயின் இடத்துக்கு வந்தவர் அவர். அவ்வாண்டு ஆகஸ்டில் பொன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அரசாங்கம் துப்பாக்கியால் பதில் சொன்னது. மன்றத்தினர் கண்டித்துக் கூட்டத்தை ஒத்திவைத்தனர். பத்தாண்டுக் காலம் ஆலோசனை சொல்லியும் ஒன்றும் நடவாத மன்றத்தில் புதியவர் என்ன செய்ய முடியும்? செவிடன் காதில் சங்கூதிய கதைதான். சட்டத்தின் பின்வாசல் வழியாக நியாயம் கிடைக்காது என்பதை லுத்துலி அங்கே கண்டார்.

1948-இல் தேசியக் கட்சி பதவிக்கு வந்தது. நிறவேற்றுமை அதுவரை வழக்கமாக இருந்தது. இனிக் கொள்கையாகவே ஆயிற்று. 1949 ஜனவரியில் டர்பன் நகரில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் கலவரம் மூண்டு 142 பேர் மாண்டனர். ஒடுக்கப்பட்டவர் இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டால் ஆள்பவனுக்கு அதைவிட ஆதாயம் வேறில்லை. இந்தப் புண்ணை ஆற்றிய தலைவர்களுள் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் மோன்டி நாயக்கரும், 1951-இல் நேட்டால் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவரான லுத்துலியும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் உற்ற நண்பர்கள்.

1952-இல் இரு காங்கிரஸ்களும் கைகோத்து, அநியாயச் சட்டங்களை அமைதியாக மீறும் இயக்கத்தைத் தொடங்கின. எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தாமே முன்வந்து சிறை புகுந்தனர். இங்கே இந்தியாவில் முதல் பொதுத் தேர்தல் முடிந்து கோடிக்கணக்கான மக்கள் வாக்களித்திருந்த அதே ஆண்டு அது.

அரசாங்கம் லுத்துலியை அழைத்தது. காங்கிரஸை விடு, அல்லது ஊர்த்தலைமையை விடு என்றது. இரண்டையும் விட அவர் மறுத்தார். மக்கள் கொடுத்த தலைமையை அரசாங்கம் 1952 நவம்பரில் பறித்தது. முப்பதாண்டுக் காலம் மூடிய கதவைப் பொறுமையாகத் தட்டியும் திறக்கவில்லை என்பதை அறிக்கையாக எழுதி நாட்டுக்கு அறிவித்தார் லுத்துலி. அடுத்த மாதமே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் அவரை நாடு முழுவதற்கும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஐயாயிரம் பேரின் தலைவர் என்ற பதவி போயிற்று. ஆனால் சாகும்வரை மக்கள் அவரைத் தலைவர் என்றே அழைத்தனர்.

வேலியும் பயிரும்

இதற்கிடையே பூட்டின் கதை முடியவில்லை. கேப் கலப்பினத்தவரின் வாக்கு இன்னும் எஞ்சியிருந்தது. 1951-இல் தேசியக் கட்சி, மூன்றில் இரண்டு பங்கு இல்லாமலே, சாதாரணப் பெரும்பான்மையால் அதைப் பறிக்கச் சட்டம் செய்தது. உச்ச நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாக அது செல்லாது என்றனர். உடனே பார்லிமெண்டையே ஒரு பெரிய நீதிமன்றமாக்கி இன்னொரு சட்டம் செய்தார்கள். அதையும் நீதிமன்றம் தள்ளியது. நீதி சற்றே நிமிர்ந்து நின்ற காலம் அது.

பின்பு சூழ்ச்சி செய்தனர். 1955-இல் 48 பேர் இருந்த மேல்சபையை 89 பேராகப் பெருக்கித் தம் ஆட்களால் நிரப்பினர். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அரசியல் சட்ட வழக்குகளைக் கேட்க ஐவருக்குப் பதில் பதினொருவர் என்று மாற்றினர். இப்போது மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. 1956-இல் வாக்கு பறிபோயிற்று. வழக்கு வந்தபோது பதினொரு நீதிபதிகளில் பதின்மர் அது செல்லும் என்றனர். ஒருவர் மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார். அவர் ஆலிவர் ஷ்ரைனர். 1909-இல் லண்டனுக்குத் தூது போன ஷ்ரைனரின் மகன்! தந்தை அன்று எதிர்த்த சட்டத்தில் மிஞ்சிக் கிடந்த கடைசிப் பாதுகாப்பு உடைபடும்போது, மகன் தனியனாக நின்று மறுத்தார். வேலியே பயிரை மேய்ந்த அந்த நாளில் அந்த ஒரு குரலாவது எழுந்ததே என்று மனம் ஆறுகிறது.

லுத்துலியோ இந்த ஆண்டுகளில் ஊரடைப்பிலேயே கிடந்தார். தடை உத்தரவுமேல் தடை உத்தரவு. கூட்டத்தில் பேசக்கூடாது, ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. 1955 ஜூனில் கிளிப்டவுனில் மூவாயிரம் பேர் கூடி, நாடு அதில் வாழ்வோர் எல்லோருக்கும் உரியது என்ற விடுதலைச் சாசனத்தை ஏற்றனர். அங்கேயும் அவர் போகமுடியவில்லை. 1956 டிசம்பரில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்யப்பட்ட 156 பேரில் அவரும் ஒருவர். ஓராண்டுக்குப் பின் அவரை விடுவித்தனர். இறுதிவரை விசாரணையில் நின்றோர் 1961 மார்ச்சில் குற்றமற்றவர் என விடுதலையாயினர்.

தடைகளுக்கு இடையே பேச வாய்த்தபோதெல்லாம் அவர் வெள்ளையரிடமும் பேசினார். 1958-இல் பிரிட்டோரியாவில் ஒரு கூட்டத்தில் வெள்ளை வாலிபர்கள் மேடையேறி அவரை அடித்து வீழ்த்தினர். எழுந்து, நிதானித்து, தம் உரையை முடித்த பிறகே இறங்கினார். உரையில் கசப்பு இல்லை. இந்த மண்ணில் பிறந்த எந்த நிறத்தாரையும் வெளியேற்றுவது தம் நோக்கமன்று என்பதே அவர் எங்கும் சொன்னது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களைப் போலீசார் சுட்டனர். 69 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்கு. ஐந்து நாள் கழித்து லுத்துலி தமது அனுமதிச் சீட்டைத் தீயில் இட்டார். சொந்த நாட்டில் நடமாட ஒருவன் ஏன் சீட்டு வைத்திருக்க வேண்டும்? அவரைச் சிறையிலிட்டனர், அங்கே ஒரு காவலன் அவரை அறைந்தான். ஏப்ரலில் காங்கிரஸே சட்டவிரோதமாயிற்று.

இரண்டாவது சட்டம்

1960 அக்டோபர் 5 அன்று குடியரசு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோர் வெள்ளையர் மட்டுமே. நூற்றுக்கு 52 பேர் வேண்டும் என்றனர். 1961 மே 31 அன்று, யூனியன் பிறந்த அதே தேதியில், புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராணி போய் ஜனாதிபதி வந்தார். மற்றபடி வாசலும் பூட்டும் அவையே.

இல்லை, ஒரு மாறுதல் இருந்தது. பார்லிமெண்டு செய்யும் எந்தச் சட்டத்தையும் செல்லுமா செல்லாதா என்று விசாரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று புதிய சட்டம் வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் என்ற இரண்டு ஆட்சிமொழிகளின் சமத்துவத்துக்கு மட்டும் பாதுகாப்பு. இரண்டு மொழிகளுக்குக் கிடைத்த காவல் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனிதருக்குக் கிடைக்கவில்லை! கடவுளுக்குப் பணிந்து தொடங்கும் முகவுரை வேறு அதற்கு. மாதாகோயிலில் பிரசங்கம் செய்யும் லுத்துலிக்கு அந்த முகவுரை எத்தனை வேதனை தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1961-இல்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. 1960-ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அப்பரிசு பெற்ற முதல்வர் அவர். அவருக்கு அத்தகுதி இல்லை என்று அவர் நாட்டு அரசாங்கம் பகிரங்கமாகவே சொல்லிக்கொண்டு, பத்து நாள் பயணத்துக்கு மட்டும் அனுமதி தந்தது. டிசம்பர் 10 அன்று ஆஸ்லோ நகரில், ஜூலுத் தலைவருக்குரிய மரபுடையில், மனைவியுடன் சென்று பரிசு பெற்றார். பறிக்கப்பட்ட தலைமையின் சின்னங்களை உலகறிய அணிந்து நின்றார்.

ஊர் திரும்பிய மறுநாட்களிலேயே நாட்டில் குண்டுகள் வெடித்தன. டிசம்பர் 16 அன்று மண்டேலா முதலிய இளைய தலைவர்கள் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கினர். லுத்துலி அகிம்சை வழியிலிருந்து மாறவில்லை. ஆனால் 1964-இல் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது அவர்களைப் பழிக்கவும் இல்லை. வேறெல்லா வழியையும் அடைத்தவர் யார் என்றே கேட்டார். இந்த நிலை முரண்பாடா என்று நண்பர்கள் விவாதிக்கலாம். தன் வழியில் தான் உறுதியாக நின்றுகொண்டே, வேறு வழி சென்ற தம்பிமாரைக் கைவிடாத மூத்தவரின் நிலை என்றே எனக்குப் படுகிறது.

அவர் குரலையும் சட்டம் அடைத்தது. தடை செய்யப்பட்டவரின் சொற்களை அச்சிடுவதே குற்றம் என்று 1962-இல் விதித்தனர். உலகம் பரிசளித்த மனிதரின் பேச்சில் ஒரு வரியைக்கூட அவர் நாட்டுப் பத்திரிகை வெளியிட முடியாது. குரூட்வில் வட்டாரத்துக்குள் அடைபட்டு, கரும்பு வயலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். 1966-இல் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி ஹெலிகாப்டரில் வந்து அவரைப் பார்த்துப் போனார்.

இரு விசாரணைகள்

1967 ஜூலை 21 அன்று, வழக்கமாக நடக்கும் உம்வோட்டி ரயில் பாலத்தருகே லுத்துலி அடிபட்டுக் கிடந்தார். அன்றே உயிர் பிரிந்தது. கண்ணும் காதும் மங்கிய கிழவர், சரக்கு ரயில் வருவதை அறியாமல் அடிபட்டார் என்று அவ்வாண்டு விசாரணை முடிவு செய்தது. குற்றவாளி எவருமில்லை என்று கோப்பை மூடியது. குடும்பத்தார் அதை ஒருநாளும் நம்பவில்லை.

அவருக்குப் பின்னும் அந்நாடு சட்டத்துக்கு ஒட்டுப்போட்டுப் பார்த்தது. 1983-இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனியே மூன்று சபை வகுத்தது, ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதிவுபெற்ற இந்திய வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். பக்கத்து வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தமக்கு மட்டும் போட்ட இலையில் உட்கார நம் வம்சாவளியினர் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். லுத்துலியும் நாயக்கரும் வளர்த்த நட்பு அதிலே பழுத்தது.

1994 ஏப்ரலில் எல்லா நிறத்தாரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். புதிய அரசியல் சட்டத்தில் ஜனாதிபதி மண்டேலா கையெழுத்திட்டது 1996 டிசம்பர் 10 அன்று, இடம் ஷார்ப்வில். லுத்துலி எந்த ஊருக்காகத் தம் சீட்டை எரித்தாரோ அந்த ஊர். அவர் ஆஸ்லோவில் பரிசு பெற்ற அதே நாள். கணவரின் கனவு சட்டமான அவ்வாண்டிலேதான் நொகுகான்யா அம்மையாரும் மறைந்தார்.

அந்தப் புதிய சட்டத்தின் கீழ், 2025-இல், பழைய கோப்பு மீண்டும் திறக்கப்பட்டது. ரயில் மோதினால் உடலில் என்ன காயம் ஏற்படும், தடியால் அடித்தால் என்ன காயம் ஏற்படும் என்று நிபுணர்கள் ஆராய்ந்து சாட்சி சொன்னார்கள். அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், 1967-இன் முடிவைத் தள்ளுபடி செய்தது. தலையில் விழுந்த அடிகளே சாவுக்குக் காரணம். பாதுகாப்புப் போலீசாரும் அவர்களோடு சேர்ந்த ரயில்வே ஊழியரும் அதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, தண்டிக்க ஆளில்லாத காலத்தில் வந்த தீர்ப்புதான். ஆயினும் அது வந்தது.

மாணவ நண்பர்களே! மனிதர் அவரே, பாலம் அதுவே, காயங்களும் அவையே. ஒரு சட்டத்தின் கீழ் அது விபத்து. மற்றொரு சட்டத்தின் கீழ் அது கொலை. அரசியல் சட்டம் என்பது அலமாரியில் உறங்கும் தடித்த புத்தகம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். ஒருவன் வாழும்போது அவனுக்கு எங்கே இடம் என்பதையும், அவன் செத்த பிறகு எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லவல்லது அந்தப் புத்தகம். அடுத்த முறை வாக்குச்சாவடிக்காக ஊருக்குப் போக ரயில் சீட்டு எடுக்கவேண்டுமே என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, ஒரு பொதுத் தேர்தலிலும் வாக்களிக்காமலே இறந்துபோன குரூட்வில் பெரியவரை நினைத்துக்கொள்வோம். தாம்பரத்துக்கு வந்த அந்த விருந்தினருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.